பெரிய படகின் எதிரே தம்பியைத் துண்டால் மூடித் தூக்கிச் சென்றது தொடர்பாக

நான் பதினெட்டு வயது நிரம்பாதவள் என்பதால் என் பெயரும் வீட்டு விலாசமும் தனித்தாளில் எழுதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. எனக்கு வயது பதின்மூன்று. எட்டாம் வகுப்பு படிக்கிறேன். மேற்படி விலாசத்தில் அம்மாவுடனும் இரண்டு தம்பிகளுடனும் வசித்து வருகிறேன். அப்பா நான்கு ஆண்டுகளுக்கு முன் நோயால் இறந்துவிட்டார். அம்மா ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறார். நான் சொல்லச் சொல்ல இந்தக் காவல் நிலையத்துப் பெண் உதவி ஆய்வாளர் (இனி அதிகாரி) எழுதத் தொடங்கினார். நான் இரண்டு இடங்களில் வாக்கியத்தைத் திருத்தச் சொன்னதும், "நீயே எழுதிடும்மா, எனக்கும் கை வலி மிச்சம்" என்று பேனாவைக் கொடுத்துவிட்டார். ஆகவே இது என் கையெழுத்து.

பக்கத்து அறையில் உட்காரவைக்கப்பட்டிருப்பவரை நாங்கள் லிஃப்ட் அங்கிள் என்று கூப்பிடுவோம். அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். மருத்துவமனை லிஃப்ட் பாதியில் நின்று அம்மா உள்ளே மாட்டிக்கொண்டபோது, கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே அதைச் சரிசெய்தவர். இந்த மாதக் கடைசியில் அம்மாவும் அவரும் பதிவுத் திருமணம் செய்துகொள்வதாக இருக்கிறார்கள். எங்களுக்குச் சம்மதமா என்று அம்மா மூன்று பேரிடமும் கேட்டார். பெரிய தம்பி சரி என்றான். சின்னத் தம்பி குட்டி, "அவர் குறட்டை விடுவாரா?" என்று கேட்டான். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர்மீது இன்று குழந்தை கடத்தல் வழக்குப் பதிவானால், நான் யோசித்துச் சொல்வதற்கு எதுவும் மிஞ்சாது என்பது எனக்குத் தெரியும்.

இன்று அம்மாவுக்கு வேலை இருந்ததால் லிஃப்ட் அங்கிள் எங்களைத் தனியாகத் தீம் பார்க்குக்கு அழைத்துச் செல்வதாக ஏற்பாடு. எந்த ரைடில் யார் எப்போது ஏறுவது என்று முடிவு செய்யும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏனென்றால் அங்கே வயதைப் பார்ப்பதில்லை, உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். எங்கள் வீட்டில் வயதும் உயரமும் ஒத்துப்போவதில்லை. எனக்கு நூற்று நாற்பத்தொரு சென்டிமீட்டர். என்னைவிட மூன்று வயது சிறியவனான பெரிய தம்பி என்னைவிட உயரம். ஆறு வயதுக் குட்டி நூற்று ஏழு. குளியலறைக் கதவில் சாய்த்து நிறுத்தி, தலையில் தடித்த புத்தகம் ஒன்றை வைத்து நானே அளந்தேன். குட்டி மூச்சை இழுத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். அப்படிச் செய்தால் உயரம் கூடும் என்று அவன் நம்புகிறான்.

குட்டிக்குப் பல நாளாகவே பெரிய படகின் மேல் ஆசை. ஊஞ்சல்போல முன்னும் பின்னும் ஆடி, கடைசியில் ஏறக்குறைய செங்குத்தாக எழும்பும் ரைடு அது. அதில் ஏற நூற்றுப் பத்து வேண்டும். அதைப் பார்த்துவிட்டு ஏற முடியாமல் நிற்பதைவிட, பார்க்காமலே இருப்பது அவனுக்கு நல்லது என்று நான் நினைத்தேன். அவனுக்கான சுழலும் கோப்பைகள் என்ற ரைடுக்குப் போகும் வேறு வழி பராமரிப்புக்காக அடைக்கப்பட்டிருந்தது. மிச்சமிருந்த ஒரே பாதை படகின் எதிரிலேயே போனது. ஆகவே நானும் பெரிய தம்பியும் படகில் இருக்கும்போது, லிஃப்ட் அங்கிள் குட்டியின் தலையைத் துண்டால் மூடி, மேகத்துக்குள் போகும் விமானம் என்று சொல்லித் தோளில் தூக்கிக்கொண்டு வேகமாகக் கடந்துவிட வேண்டும் என்பது என் திட்டம்.

லிஃப்ட் அங்கிள் அதற்கு உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "நேரா சொல்லிடலாமேம்மா, இன்னும் கொஞ்சம் வளரணும்னு. அவன் புரிஞ்சுக்குவான்" என்றார். செருப்புக் கடையில் அவன் அளவுக்குச் சிவப்புச் செருப்பு இல்லை என்று நேராகச் சொன்னதற்கு அவன் கடைத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டதை எடுத்துச் சொன்னேன். "உங்களுக்கு இவனைத் தெரியாது அங்கிள்" என்றும் சொன்னேன். அவர், "சரிங்க மேடம், நீங்க சொன்னா சரி" என்றார். என்ன ஆனாலும் கோப்பைகள் இருக்கும் திருப்பம் வரை நிற்கக் கூடாது என்று அவரிடம் சொன்னதும் நான்தான்.

அதன் பிறகு பூங்காவுக்குள் சென்றோம். முதலில் குட்டிக்கான ரைடுகளை வைத்திருந்தேன். சின்ன ரயிலில் குட்டியோடு பெரியவர் ஒருவர் உட்கார வேண்டும் என்பதால் லிஃப்ட் அங்கிள் ஏறினார். அவருடைய முழங்கால்கள் காதுவரை வந்தன. எதில் ஏறினாலும் முதலில் பாதுகாப்புக் கம்பியின் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார், பிறகு மோட்டார் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். "என்ன சார், ஏறுறீங்களா, வாங்குறீங்களா?" என்று ரயிலை ஓட்டுபவர் கேட்டார். குட்டியும் அவரைப்போலவே பூட்டை இழுத்துப் பார்த்து, "ம், பரவாயில்ல" என்றான்.

அதன் பிறகு நானும் பெரிய தம்பியும் பெரிய படகின் வரிசையில் நின்றோம். படகை இயக்குபவர் பெரிய தம்பியிடம், "தங்கச்சிய பத்திரமா பிடிச்சுக்கப்பா" என்றார்.

படகு நகரத் தொடங்கியபின் நான் கண்டதை வரிசையாக எழுதுகிறேன். எங்கள் பக்கம் மேலே எழும்பும்போது மட்டும்தான் பாதை எனக்குத் தெரிந்தது. முதல் முறை எழும்பியபோது லிஃப்ட் அங்கிள் துண்டு மூடிய குட்டியோடு வேகமாக வந்துகொண்டிருந்தார், ஒரு கையை இறக்கைபோல நீட்டியிருந்தார். அடுத்த முறை துண்டு தரையில் கிடந்தது, குட்டி அண்ணாந்து என்னையே பார்த்தான். அதற்கடுத்த முறை அவன் கால்களை உதறிக் கத்திக்கொண்டிருந்தான், அவர் ஓடத் தொடங்கியிருந்தார். பிறகு எழும்பியபோது ஐஸ்கிரீம் விற்கும் பெண்மணி தன் தள்ளுவண்டியைப் பாதையின் குறுக்கே நிறுத்தியிருந்தார். லிஃப்ட் அங்கிளைச் சுற்றி ஆட்கள் கூடியிருந்தார்கள். நான் "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினேன். அந்தப் படகில் எல்லோருமே அப்படித்தான் கத்துவார்கள் என்பதால் இயக்குபவர் சிரித்துக்கொண்டே கையசைத்தார்.

கீழே நடந்த பேச்சை நான் நேரில் கேட்கவில்லை. அதை ஐஸ்கிரீம் விற்கும் பெண்மணி, பிறகு எங்களைக் கொண்டுபோன பூங்காவின் பாதுகாப்பு அறையில் என் எதிரில் சொன்னார். குட்டி, "விடு என்னை! நீ ஒண்ணும் எங்கப்பா இல்ல!" என்று கத்தியிருக்கிறான். பெண்மணி, "இந்தப் பிள்ளை உனக்கு என்ன உறவு?" என்று கேட்டிருக்கிறார். லிஃப்ட் அங்கிள், "அது வந்து... இன்னும்... மாசக் கடைசியில..." என்று இழுத்திருக்கிறார். "மாசக் கடைசியில என்ன, விக்கப் போறியா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டுச் சட்டையைப் பிடித்திருக்கிறார். சட்டையில் இரண்டு பித்தான்கள் இல்லாததை நானும் பார்த்தேன்.

லிஃப்ட் அங்கிள் "அப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள் என்று பெண்மணியே சொன்னார். பாதுகாப்பு அறையில் நான் அவரிடம் ஏன் அப்படிச் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ இன்னும் யோசிச்சு முடிக்கலையேம்மா" என்றார். அதன் பிறகு குட்டிக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அதன் பிறகு எங்கள் எல்லோரையும் இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். அதிகாரி குட்டியைத் தனியாக விசாரித்தபோது, அவன் அழுவான் என்பதால் என்னைக் கூட இருக்க அனுமதித்தார். அவன் அழவில்லை. இவர் யார் என்று கேட்டதற்கு, "லிஃப்ட் அங்கிள். எங்க ஆளுதான். என் கட்டில் ஆடுச்சு, அவர்தான் சரி பண்ணாரு" என்றான். பிறகு ஏன் கத்தினாய் என்று கேட்டதற்கு, "படகைக் காட்டாம ஏமாத்திட்டாரு" என்றான். அப்படியானால் அவரை விட்டுவிடலாமா என்று கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்து, "இன்னும் கொஞ்ச நேரம் வச்சிருந்துட்டு விடுங்க" என்றான். "பார்ரா, ஐயா தீர்ப்பே எழுதிட்டாரு" என்று எழுத்தர் சிரித்தார். அந்தச் சமயத்தில் நான் குட்டியிடம் திட்டம் என்னுடையது என்று சொன்னேன். அவன், "அப்ப உன்னையும் வச்சிருக்கட்டும்" என்றான்.

லிஃப்ட் அங்கிள் கொடுத்த வாக்குமூலத்தில், துண்டால் மூடியது முழுக்கத் தன்னுடைய யோசனை, பிள்ளைகளுக்கு இதில் சம்பந்தம் இல்லை என்று சொல்லியிருப்பதாக அதிகாரி மூலம் அறிந்தேன். அது உண்மை அல்ல. அவர் வேண்டாம் என்றார், நான்தான் வேண்டும் என்றேன். குட்டியைத் தெரியாதவள் நான்தான். இதற்காகவே நானும் வாக்குமூலம் தர வேண்டும் என்று கேட்டேன்.

இதில் பெரியவர் ஒருவரும் கையொப்பமிட வேண்டும் என்று அதிகாரி சொன்னார். அம்மா வேலை முடியும்வரை கைபேசியை வெளியே பூட்டி வைத்துவிடுவார். மருத்துவமனைக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள், இன்னும் வந்து சேரவில்லை. "வேற பெரியவங்க யாரும்மா இருக்காங்க உங்களுக்கு?" என்று அதிகாரி கேட்டார். பக்கத்து அறையில் இருக்கிறார் என்றேன். "அவர் மேலதாம்மா புகாரே" என்றார். இருக்கட்டும், எங்களுக்கு இருப்பவர் அவர்தான் என்றேன். யோசித்துத்தான் சொல்கிறாயா என்று கேட்டார். யோசித்துவிட்டேன் என்றேன். அதிகாரி காவலரைக் கூப்பிட்டு, அவரை இங்கே அழைத்துவரச் சொல்லியிருக்கிறார். நாற்காலி நகரும் சத்தம் கேட்கிறது.

இதை யாரும் சொல்லிக்கொடுத்து நான் எழுதவில்லை. முதலிலிருந்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். நடந்தது நடந்தபடியே இருக்கிறது.

(என் கையொப்பம்)

எங்கள் வீட்டுப் பெரியவர் கையொப்பம்: கீழே இடம் விட்டிருக்கிறேன். அவருக்குக் கை பெரியது.