ஒருத்தன்தான் இருக்கணும்

ரங்கெல்: ...இல்ல நேவேனா, இன்னும் கொஞ்ச நேரம்தான். இதை இப்படியே போட்டுட்டு வர முடியாது.

நேவேனா: ம்.

ரங்கெல்: கோபமா?

நேவேனா: கோபம் எதுக்கு?

ரங்கெல்: இன்னிக்கு என் பேர்நாள், என் பேர்க்காரத் தேவதூதனோட திருநாள். விருந்துக்காரங்க வந்து உக்காந்திருப்பாங்க, வீட்டுக்காரன் ஆபீஸ்ல. நீ கத்துவேன்னு ஃபோனைக் காதுல இருந்து தள்ளி வச்சுக்கிட்டுப் பேசறேன்.

நேவேனா: கத்தலையே. பக்கத்துல வச்சுக்கோ.

ரங்கெல்: யாரெல்லாம் வந்திருக்காங்க?

நேவேனா: உன் அத்தை, கீழ்வீட்டு ஸ்தோயன், அவன் பொண்டாட்டி. பேர்நாளுக்கு யாரையும் அழைக்கறதும் இல்ல, வந்தவங்களைத் திருப்பி அனுப்பறதும் இல்ல. வந்தாங்க, உள்ளே விட்டேன்.

ரங்கெல்: ஆட்டுக்கறி வெந்துடுச்சா?

நேவேனா: பஞ்சா வெந்திருக்கு. ஸ்தோயன் ரெண்டாவது தட்டுல இருக்கான். அப்படி என்ன தலைபோற வேலை உனக்கு?

ரங்கெல்: சொன்னா கொட்டாவி விடுவே.

நேவேனா: விட்டா விடறேன், சொல்லு.

ரங்கெல்: ஊருக்கு வெந்நீர் அனுப்பற ப்ரோக்ராம் இருக்குல்ல, அதுல எல்லாக் குழாயையும் கவனிச்சுக்க ஒருத்தன். மேஸ்திரின்னு வச்சுக்கோ. ப்ரோக்ராம் முழுக்க அந்த மேஸ்திரி ஒருத்தன்தான் இருக்கணும். யார் எங்கிருந்து கூப்பிட்டாலும் அதே ஆள்தான் வரணும். சிங்கிள்டன்னு சொல்லுவோம். முதல்ல கூப்பிடறவங்களுக்காக அவனை உண்டாக்கும். அப்புறம் யார் கூப்பிட்டாலும், 'இதோ இருக்கானே'ன்னு அவனையே காட்டும்.

நேவேனா: சரி.

ரங்கெல்: ஆனா ரெண்டு பேர் ஒரே நொடியில கூப்பிட்டா...

நேவேனா: ரெண்டு பேருமே 'இன்னும் ஒருத்தனும் இல்ல'ன்னு நினைச்சு, ஆளுக்கு ஒருத்தனை உண்டாக்கிடுவாங்க.

ரங்கெல்: ...ஆமா.

நேவேனா: ஒரு மேஸ்திரி குழாயைத் திறப்பான், இன்னொருத்தன் மூடுவான். ஒருத்தனுக்கு இன்னொருத்தன் இருக்கறதே தெரியாது. அதைத் தடுக்க நடுவுல ஒரு பூட்டு இருந்துச்சு. வேகம் குறையுதுன்னு நீதான் எடுத்துட்டே. எடுத்தும் ரொம்ப நாளாச்சு.

ரங்கெல்: இதை... நான் உன்கிட்ட சொன்னதே இல்லையே. பூட்டை எடுத்தது இங்க ஒருத்தருக்கும் தெரியாது.

நேவேனா: சொன்னியே. இப்பதான், கறியை வெட்டிக்கிட்டே.

ரங்கெல்: எது?

நேவேனா: 'சாப்பாட்டு மேசையில என்னடா ஆபீஸ் பேச்சு'ன்னு அத்தைகூடத் திட்டினாங்க.

ரங்கெல்: நேவேனா, நான் ஆபீஸ்ல இருக்கேன்.

நேவேனா: தெரியுது. பின்னாடி ப்ரிண்டர் சத்தம் கேக்குதே.

ரங்கெல்: அப்ப கறியை வெட்டினது யாரு?

நேவேனா: நீதான்.

ரங்கெல்: ஸ்தோயன் உனக்கு ராக்கியா சாராயம் ஊத்திக் கொடுத்துட்டானா?

நேவேனா: நான் இன்னும் ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கல.

ரங்கெல்: விளையாடாதே. ஃபோனை அத்தைகிட்ட கொடு.

நேவேனா: வேண்டாம். அவங்க சந்தோஷமா இருக்காங்க, கெடுக்காதே. இரு... அவனே கேக்கறான். சமையலறைக்குப் போய்ப் பேசு, அத்தைக்குக் கேக்கப்போகுது... இந்தா.

அந்தக் குரல்: ஹலோ.

ரங்கெல்: யாருய்யா நீ?

அந்தக் குரல்: உனக்கும் தொண்டை கட்டியிருக்கா? ராத்திரி ஜன்னலைச் சாத்தாம படுத்தது தப்பு.

ரங்கெல்: என் வீட்ல என்ன பண்றே?

அந்தக் குரல்: மெதுவாப் பேசு. மத்தியானம் பாலத்து மேல நின்னோமே, ஞாபகம் இருக்கா? கையில ரொட்டி.

ரங்கெல்: நான் நின்னேன்.

அந்தக் குரல்: வீட்டுக்குப் போறதா, திரும்ப ஆபீஸுக்கே போறதான்னு யோசிச்சுக்கிட்டு. வீட்லயும் இல்ல, ஆபீஸ்லயும் இல்ல. அப்பதான் மேனேஜர் கூப்பிட்டார். அதே நொடியில நேவேனாவும் கூப்பிட்டா.

ரங்கெல்: மேனேஜர் ஃபோனை எடுத்தேன். நேவேனா... அவ கூப்பிட்டது அப்புறம்தான் பாத்தேன்.

அந்தக் குரல்: நான் நேவேனா ஃபோனை எடுத்தேன். நடுவுல பூட்டு இல்லையே. 'எங்கே ரங்கெல், இன்னும் காணோமே'ன்னு ரெண்டு பேரும் ஒண்ணாக் கேட்டாங்க. ரெண்டு பேருக்கும் ஒவ்வொருத்தன் கிடைச்சுட்டான்.

ரங்கெல்: என்னை மாதிரி பேசறே, அவ்வளவுதான். என் அம்மா என்னை என்னன்னு கூப்பிடுவாங்க, சொல்லு.

அந்தக் குரல்: அவங்க செத்ததுக்கு அப்புறம் அந்தப் பேரை வாயால சொல்ல மாட்டேன். நீயும் சொல்ல மாட்டே.

ரங்கெல்: ...இரு. வர்றேன்.

அந்தக் குரல்: வராதே. உன் நல்லதுக்குச் சொல்றேன். உன்னைக் கூப்பிட்டது ஆபீஸ். உன்னைப் பிடிச்சுக்கிட்டு இருக்கறது அந்த ஒரு கைதான். யாருமே பிடிச்சுக்காததை ப்ரோக்ராம் என்ன பண்ணும்?

ரங்கெல்: குப்பைன்னு கூட்டித் தள்ளிடும்.

அந்தக் குரல்: சத்தமே இல்லாம. அங்கயே உக்காந்து வேலையைப் பாரு. ரெண்டு பேரும் பிழைச்சுக்கலாம்.

ரங்கெல்: நேவேனாகிட்ட கொடுடா ஃபோனை.

நேவேனா: சொல்லு.

ரங்கெல்: கிளம்பிட்டேன். நீ அவன் பக்கத்துல போகாதே.

நேவேனா: ஏன், நல்லாத்தான் இருக்கான். பாத்திரம் கழுவ ஆரம்பிச்சுட்டான்.

ரங்கெல்: பாத்திரமா?

நேவேனா: வந்த புதுசுல கழுவத்தான் செய்வீங்க. நீ கழுவலையா?

ரங்கெல்: கல்யாணமான புதுசையெல்லாம் இப்ப எதுக்கு... மேனேஜர்கிட்ட போறேன்னு சொன்னேன். மனுஷன் தலையே நிமிரல.

நேவேனா: வேலையா இருந்திருப்பார்.

ரங்கெல்: வாட்ச்மேன் என்னைத் தாண்டி சுவத்தைப் பாக்கறான். தானாத் திறக்கற கண்ணாடிக் கதவு எனக்குத் திறக்கல, நேவேனா. வேற ஒருத்தி வெளியே போனா. அவ பின்னாடியே ஒட்டிக்கிட்டு வந்தேன்.

நேவேனா: இப்ப எங்கே இருக்கே?

ரங்கெல்: பாலத்துல. ஒரே பனி. கீழே மரீத்சா ஆறு ஓடற சத்தம் மட்டும்தான் வருது... என் ஷூ சத்தம் எனக்கே கேக்கல.

நேவேனா: உன் குரலும் மெலிஞ்சு வருது. கொஞ்சம் சத்தமாப் பேசு.

ரங்கெல்: கத்திக்கிட்டு இருக்கேன்.

நேவேனா: பயமா இருக்கா?

ரங்கெல்: ரொம்ப. என் பேர்க்காரத் தேவதூதன்தான் உயிரை எடுக்க வர்றவன்னு சர்ச்சுல சொல்லும்போதெல்லாம் சிரிப்பேன்...

நேவேனா: வாயை மூடு. பேர்நாளும் அதுவுமா.

ரங்கெல்: என் பேரைச் சொல்லிக் கூப்பிடு. நீ ஒருத்தி பிடிச்சுக்கிட்டா போதும், நான் நிப்பேன்.

நேவேனா: முதல்ல வீடு வரைக்கும் வா.

ரங்கெல்: ஏன் கூப்பிட மாட்டேங்கறே?

நேவேனா: உள்ளே இருக்கறவன் திரும்பிப் பாப்பான்.

ரங்கெல்: ...வந்துட்டேன். கதவுக்கு வெளியே நிக்கறேன். மணி அடிச்சேனே, கேக்கலையா?

நேவேனா: இல்ல.

ரங்கெல்: ஸ்தோயன் சிகரெட்டோட கீழே இறங்கினான். என் மேல மோதற மாதிரி வந்தான், மோதல. கதவுக்கண்ணு வழியாப் பாரு.

நேவேனா: பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

ரங்கெல்: தெரியறேனா?

நேவேனா: கொஞ்சம். பின்னாடி இருக்கற படிக்கட்டும் தெரியுது.

ரங்கெல்: திற. கையைக் கொடு, தொட்டுப் பாரு.

நேவேனா: தொட்டா விட மனசு வராது.

ரங்கெல்: அவனுக்கும் எனக்கும் உனக்கு வித்தியாசமே தெரியலையா?

நேவேனா: தெரியுது. நான் கூப்பிட்டதும் அவன் வந்தான்.

ரங்கெல்: இனிமே வர்றேன். தினமும் வர்றேன். இந்த வேலையே வேண்டாம், விட்டுடறேன். சத்தியமாச் சொல்றேன்.

நேவேனா: அழாதே. உன்மேல எனக்குப் பிரியம் இல்லாம இல்ல. சும்மா சொல்லல, இருக்கு. ஆனா வெளக்கேத்தி வச்சு, ஆபீஸையே கட்டிக்கிட்டவ மாதிரி எத்தனை சாயங்காலம்தான் உக்காந்திருப்பேன்?

ரங்கெல்: அவன் நகல், நேவேனா. இன்னிக்கு மத்தியானம் முளைச்சவன். நான்தான் உன்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்டவன். உன் புருஷன். திற.

நேவேனா: இல்ல ரங்கெல். என் புருஷன் போன வருஷப் பேர்நாள் அன்னிக்கு இதே இடத்துல நின்னு, இதையேதான் சொன்னான். நீ உள்ளே இருந்து, 'வாசல்ல யாரு?'ன்னு கேட்டே... வீடு மாறி வந்தவர்னு சொன்னேன்.