ஐந்து அசைச் சொல்

ஆங்கிலச் சொல்லை யாராவது தப்பாக உச்சரித்தால் எனக்குச் சோறு இறங்காது. முப்பத்திரண்டு வருடம் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவனுக்கு அது இயல்புதான்.

என் மகள் வானதிக்கு இது தெரியும். குடவாசல் வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருடம் கழித்து, ஒரு சொல்லைக் கேட்கிற சாக்கில்தான் எனக்குப் போன் செய்தாள். சம்பாவுக்கு நாற்று விட்டிருந்த சமயம்.

"அப்பா, மாத்திரைத் தாள்ல ஒரு வார்த்தை இருக்கு. டெராடோ... சொல்ல வரலப்பா."

முகப்பருவுக்கு மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரை. தான் ஆறு வாரக் கர்ப்பம் என்பதையும் அடுத்த மூச்சிலேயே சொன்னாள். அர்த்தத்தைப் போனிலேயே தேடியிருக்கலாம். என்னோடு பேச அவளுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னேன். டெ-ர-டோ-ஜெ-னிக். ஐந்து அசை, ஜெ-யில் அழுத்தம். மூன்றாவது முறை சரியாகச் சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

"அர்த்தம் என்னப்பா?"

"கிரேக்க வேர்ம்மா. டெரஸ்னா அற்புதம். ஜென்னா பிறப்பு."

நான் பொய் சொல்லவில்லை. டெரஸ் என்பதற்கு அற்புதம் என்றும் பொருள் உண்டு, கோரம் என்றும் பொருள் உண்டு. வயிற்றுப் பிள்ளையின் உருவத்தைக் கெடுக்கும் மருந்து என்று எச்சரிக்கத்தான் மருத்துவத்தில் அந்தச் சொல்லைப் போடுகிறார்கள். அதை நான் சொல்லவில்லை.

"டாக்டரைக் கேக்கணுமாப்பா?"

"எதுக்கும்மா? சாப்பிடு."

அவள் கட்டிக்கொண்ட இளவழகன் பூதலூரில் வேளாண் அலுவலர். தங்கமான பிள்ளை என்கிறார்கள். அவனுடைய தாத்தா காத்தான் எங்கள் வயலில் நாற்றுப் பறித்தவன். வானதி தனியாகத் திரும்பி வந்தால் ஏற்றுக்கொள்ள நான் தயாராகவே இருந்தேன். குழந்தை பிறந்துவிட்டால் வரமாட்டாள். நான் யோசித்தது இவ்வளவுதான்.

அதன்பிறகு வாரம் ஒருமுறை கூப்பிட்டாள். மாத்திரை சாப்பிடுகிறாயா என்று நானும் தவறாமல் கேட்டேன்.

சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது. இதயம் சரியாக உருவாகவில்லை என்றார்கள். நான்கு நாள் இருந்தது.

பதினாறாம் நாள் இளவழகன் தனியாக வந்தான். அந்த மாத்திரைத் தாளை மேஜைமேல் விரித்தான். ஓரத்தில் வானதியின் கையெழுத்து: டெரஸ் என்றால் அற்புதம், அப்பா சொன்னது.

"இதுக்கு இன்னொரு அர்த்தம் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா மாமா?"

"தெரியும்."

"அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

அவன் அருகிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "வானதிகிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்லுவேன் மாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

இன்ஸ்பெக்டர், நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன். வருத்தம் ஏதாவது உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. அவன் என் வீட்டுக்குள் வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, என்னை மாமா என்று கூப்பிட்டுவிட்டான்.