வளைவு வேண்டாம், வாயில்லாச் சீவன்கள் பற்றிய ஆராய்ச்சி வேண்டும்

தலைமை நாற்காலியை நிறைத்து வழிந்து வீற்றிருக்கும் ஜவுபர் ஹாஜியார் அவர்களே, பள்ளிவாசல் மரைக்கார்மாரே, கல்முனைக்குடியின் கடல் கண்ட காளையரே, திரைக்கு அப்பால் அமர்ந்து எங்கள் பொய்களை எங்களுக்கு முன்பே அறிந்துவைத்திருக்கும் தாய்மாரே, அனைவர்மீதும் இறைவனின் சாந்தி பொழியட்டும்.

நம் நலன்புரிச் சங்கத்தின் நிதிக்கு இன்று இரண்டு வழிகள். ஒன்று, கடற்கரை வீதியின் வாசலில் ஓர் அலங்கார வளைவு. அதன் நெற்றியில் என் பெயர். முன்மொழிந்தவனும் நான்தான். மற்றது, பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் நுஸ்ஹாவின் ஆராய்ச்சி. மனிதருக்கும் வீட்டில் வளர்க்கும் பிராணிகளுக்கும் இடையே உள்ள பாசத்தை அவள் ஆராய்கிறாள். உதவி கேட்ட இடமெல்லாம் கைவிரித்துவிட்டார்கள். இன்று நாமும் விரித்தால் அந்தப் பிள்ளை குறிப்பெழுதும் கொப்பி மூடப்படும்.

வளைவுக்காக முழங்கத்தான் இந்த மீராமுகைதீன் மேடை ஏறினான் என்று நினைப்பீர்கள். பொறுங்கள்.

நான் யார்? இறக்காமத்துக் கொம்பன் யானையைக் கண்பார்வையாலேயே மறித்து நிறுத்தியவன். அன்று என்னோடு வந்த ஜெமீல் முன்வரிசையில் சிரிக்கிறார். தம்பி, நீர் அன்று மரத்தின்மேல் இருந்தீர், கீழே நடந்தது உமக்கு எப்படித் தெரியும்? அண்ணனாய் மதித்து என்ன சொல்கிறார்? "காக்கா, நீங்க எனக்கு மேல் கொப்பில இருந்தீங்க." சரி, யானையின் கண்ணை மேலிருந்துதான் நன்றாகப் பார்க்கலாம்.

அப்பேர்ப்பட்ட என்னை என் ஆடு நடுங்க வைத்தது. ஒருநாள் நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து சாய்ந்தேன். ஆட்டுக் கொட்டிலில் ஒரு பெண்குரல். எட்டிப் பார்த்தால் ஆடும் தென்னங்கிடுகு வேலியும்தான், ஆளில்லை. ஆடு கதைக்குமா? கதைத்தால் அது ஆடாகுமா? ஜின் என்று முடிவு கட்டினேன். சாதாரண ஜின்னா? ஏழு கடல் தாண்டி என்னைத் தேடி வந்த ஜின். பள்ளிவாசல் லெப்பையிடம் ஓடித் தண்ணீர் ஓதி வாங்கி, மூன்று நாள் ஆட்டின் தலையில் தெளித்தேன். தெளித்தேன் என்பது அடக்கமான சொல். குளிப்பாட்டினேன்.

நான்காம் நாள் நுஸ்ஹா கொப்பியோடு வந்தாள். ஜின் கதையைக் கேட்டாள், சிரிக்கவில்லை. கொட்டிலில் குந்தி, ஆட்டிடமே விசாரித்தாள்.

"ஏன் இப்பிடி வாடிப்போய் நிக்கிறாய்? நேத்து என்ன திண்டாய்?"

வேலிக்கு அந்தப்பக்கமிருந்து பதில் வந்தது.

"எங்க புள்ள திண்டிச்சி? அந்த மனிசன் ஊத்தின தண்ணியில நடுங்கிட்டு நிண்டிச்சி."

சபையோரே, அது அடுத்த வீட்டு வளவில் இருக்கும் சித்தி லைலா என்னும் தங்கச்சியின் குரல். கணவரை மௌத்தில் பறிகொடுத்து, துக்கம் காத்து இத்தா இருந்த நான்கு மாதம் பத்து நாளும் முடிந்து, அதன்மேல் ஒன்றரை வருடம் எவரோடும் ஒரு வார்த்தை கதைக்காத சித்தி லைலா. உறவினர் கேட்டும் திறக்காத வாய், வைத்தியர் கேட்டும் திறக்காத வாய், வேலி ஓட்டையால் தலை நீட்டிய என் ஆட்டுக்கு முருங்கையிலை கொடுத்துத் தினமும் திறந்திருக்கிறது. நானோ அந்தக் குரலைத் துரத்தத் தண்ணீர் ஓதி வாங்கியிருக்கிறேன்.

இதை மேடையில் சொல்லலாமா என்று அவரிடம் நுஸ்ஹாவை அனுப்பிக் கேட்டேன். "ஓம், சொல்லட்டும். அந்த யானைக் கதைய மட்டும் விட்டிரச் சொல்லு" என்றாராம். அதை மட்டும் மீறிவிட்டேன், தங்கச்சி மன்னிக்க வேண்டும்.

அந்த ஆடு என்ன மருந்து கொடுத்தது? எந்தக் கல்லூரியில் கற்றது? எனக்குத் தெரியாது. ஐந்தாம் வகுப்பை மூன்று முறை படித்த அனுபவசாலியான எனக்கே தெரியாது. தெரியாததைத் தேடத்தானே ஆராய்ச்சி? இந்த ஊரில் இன்னும் எத்தனை வேலிகள், எத்தனை மூடிய வாய்கள்? எத்தனை வீட்டில் ஒரு பூனை மட்டும், ஒரு கிளி மட்டும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறது? வீடு வீடாய் நடந்து அதை எழுத ஒரு பிள்ளை தயார். வளைவு யாரைக் கதைக்க வைக்கும்? என் பெயரைப் பத்துத் தடவை வாசித்தால் உங்களுக்குச் சலித்துவிடும். எனக்குச் சலிக்காது, அது வேறு விஷயம்.

என் முன்மொழிவை வாபஸ் வாங்குகிறேன். நிதி நுஸ்ஹாவுக்கு. சம்மதம் உள்ளவர்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

என்ன, ஆண்கள் பக்கம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறீர்கள்?

திரைக்கு அப்பால் யாரோ "சம்மதம்" என்கிறார். யாரது?

தலைவர் அவர்களே, எழுதிக்கொள்ளுங்கள். முதல் சம்மதம், சித்தி லைலா. அவர் கதைத்த பிறகு நான் கதைப்பது முறையல்ல. பொறுத்திருந்த காதுகளுக்கெல்லாம் நன்றி, வஸ்ஸலாம்.