பழைய அட்டை

இந்த நாற்காலியின் ஒரு கால் குட்டை, ஐயா. அடியில் நாலாக மடித்த காகிதம் வைத்தால் சரியாகிவிடும். ஆடிக்கொண்டே உட்கார என்னால் முடியாது. விசாரணைக்கு நடுவில் எழுந்து நடந்தால் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பேருந்துப் பணிமனையில் ஓட்டுநர்களுக்குக் கண் பரிசோதிப்பவன் நான். பத்தொன்பது வருடம். ஆறு மீட்டர் தள்ளி நிற்க வைத்து, ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, சுவரில் உள்ள அட்டையின் எண்களைக் கடைசி வரி வரை படிக்கச் சொல்வேன். அத்தனை வருடமும் ஒரே அட்டை. அது எல்லோருக்கும் மனப்பாடம் என்பது எனக்குத் தெரியும். கேன்டீனில் அதை ஒப்பித்துக் காட்டிச் சிரிப்பார்கள்.

இந்த வருடம் தலைமை அலுவலகம் புது அட்டை அனுப்பியது. யாரிடமும் சொல்லாமல் காலையில் மாட்டினேன். முதல் ஆளாக வந்தவர் என் அக்கா கணவர். ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி. உள்ளே வரும்போதே கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார்.

இடது கண்ணைப் பொத்தி, மூச்சு விடாமல் சொன்னார். "எட்டு, மூணு, அஞ்சு, ஆறு, ரெண்டு."

பழைய அட்டையின் கடைசி வரி அது. புது அட்டையில் ஒன்பதில் தொடங்குகிறது.

"என்ன மச்சான், பேச்சையே காணோம்?"

"ஒண்ணுமில்ல அத்தான். ஒரு நிமிஷம் இருங்க."

புதியதைக் கழற்றிவிட்டு, பீரோவிலிருந்து பழையதை எடுத்து மாட்டினேன். அவர் கண்ணுக்கு நேராகத்தான் இத்தனையும் நடந்தது. அவருக்குத் தெரியவில்லை. "இப்ப படிங்க" என்றேன். ஓர் எண்கூடத் தவறவில்லை. தகுதி என்று எழுதினேன். பதிவேட்டைப் பாருங்கள், ஒரு பொய்கூட இருக்காது.

ஏன் என்று கேட்கிறீர்கள். அவர் தேறாவிட்டால் ஒரு மாதத்தில் பணியாளர் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். முந்தின நாள்தான் அக்கா வந்து என் கூடத்தை அளப்பதுபோல் பார்த்துவிட்டு, "அவரு தேறலேன்னா கொஞ்ச நாளைக்கு இங்கதான்டா" என்றாள். என் வீட்டில் இரண்டே அறை. அவர் டிவியை அலறவிட்டுக்கொண்டு தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பவர். எனக்கு வீட்டில் நிம்மதி வேண்டும். யாருக்குத்தான் வேண்டாம்?

நான்கு மாதம் பேருந்தில் ஒரு கீறல் விழவில்லை. பிறகுதான் அந்தச் சாயங்காலம், மழைக்கு ஒதுங்கி நிறுத்தத்தில் நின்ற ஏழு பேர் மேல் அவர் பேருந்து ஏறியது. ஆஸ்பத்திரியில் அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்க யாருமே இல்லையே மச்சான்" என்றார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை.

அன்றிலிருந்து எனக்குக் கால் ஓரிடத்தில் தரிப்பதில்லை. சோற்றில் கை வைத்தால் எழுந்துவிடுகிறேன். ஆனால் குற்ற உணர்வா என்றால், இல்லை. முப்பது வருட அனுபவம், ஓட்டிவிடுவார் என்று முழுசாக நம்பினேன்.

பரிசோதனை நடந்த அன்று சாயங்காலமே மனைவியிடம் மட்டும் ஒன்று சொன்னேன். "இனிமே பாப்பாவக் கூட்டிட்டு அத்தான் ஓட்டுற பஸ்ல ஏறாத. அடுத்த பஸ்ல வா." ஏன் என்றாள். கூட்டம் என்றேன். நான்கு மாதமும் அப்படியே வந்தாள்.

மற்றவர்களிடமும் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். அவர்கள் யாரும் எனக்குப் பழக்கமில்லையே, ஐயா.