தகட்டில் முளைத்த பல்

காலை ஐந்தரை மணி. வெர்மாண்ட் மலைப்பாதை. ஈ காக்கை இல்லை... ஒற்றைக் குதிரை வண்டி ஒன்று மட்டும் கடக் கடக்கென்று ஏறுகிறது. ஓட்டுகிறவர் எல்கானா பீட். நம் பக்கத்து வீட்டு லொவைனாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அவளாகச் சொன்னாள், நான் ஒன்றும் துருவவில்லை. அந்தப் பன்றிக்கறியைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

பீட்டுக்கு கேமராவை வைத்து வெள்ளித் தகட்டில் ஆள் முகத்தைப் படமாகப் பிடிக்கிற தொழில். பாதரசத்தைச் சூடாக்கி, அந்த ஆவியில் முகத்தை வரவழைக்கணும். பல வருஷத்து ஆவி மனுஷன் வாயில் குடியேறிவிட்டது. ஈறு கறுப்பு. எச்சில் ஓயாமல் ஒழுகும். புகையிலை வேறு... பேசினால் அழுகின முட்டைக்கோஸ் வாடை.

அவர் போய் நின்ற மெஹிதபெல் வீட்டில் மூன்று மாதக் குழந்தை முந்தாநாள் செத்திருந்தது. ஆகஸ்ட் புழுக்கம். தொட்டிலைச் சுற்றி ஈ.

"ஐயா, பத்து மணிக்கு எடுத்துருவாங்க. அதுக்குள்ள எம்புள்ள மொகத்தப் பிடிச்சுக் குடுத்துருங்க. வேற ஞாபகம்னு ஒண்ணுமில்ல."

"கவலைய விடுங்கம்மா. செத்தவங்கதான் நமக்குத் தங்கமானவங்க, அசையவே மாட்டாங்க" என்று இளித்தாராம். துக்க வீட்டில் பேசுகிற பேச்சா?

மிச்சம் இருந்தது ஒரே தகடு. அதிலும் விரல் கறை. மான்தோலால் பொறுமையாகத் தேய்க்கணும். அந்தத் தொழில்காரர்கள் தகட்டின் மேல் மூச்சுகூட விடமாட்டார்கள். இவர்... த்தூ. பழுப்பாய், கோழையோடு. சட்டைக் கையால் ஒரு துடைப்பு. மெஹிதபெல் பார்த்துக்கொண்டே நின்றாள். வேறு வழி?

படம் அச்சு அசலாக வந்தது. பொக்கை வாய் லேசாகத் திறந்து, தூங்குகிற மாதிரி.

அந்த வாரமே பீட்டின் முன்பல் ஒன்று சோள ரொட்டியோடு வந்துவிட்டது. பாதரச வேலை, எல்லாருக்கும் தெரியும். ஆனால் அன்று மெஹிதபெல் படம் வைத்திருந்த சின்னப் பெட்டியைத் திறந்தால்... குழந்தை வாயில் ஒரு பல். பெரிசு. புகையிலைக் கறையோடு.

தூக்கிக்கொண்டு ஓடினாள். பீட் படத்தைப் பார்த்தார். நாக்கால் தன் ஓட்டையைத் தடவினார்.

"குடுங்கம்மா, அழிச்சுடறேன்."

"அய்யோ வேணாம்! அவ மொகமும் சேந்து போயிடும்ல!"

பனிக்காலத்தில் பீட் போய்ச் சேர்ந்தார். வாயில் ஒரு பல்கூட இல்லை, லொவைனாதான் தாடையைக் கட்டினாள். மெஹிதபெல்லின் படப்பெட்டிக்குள்ளோ... குழந்தை வாயில் முழு வரிசை.

மெஹிதபெல் இன்னும் தினமும் படுக்கப் போகுமுன் அந்தப் படத்துக்கு முத்தம் கொடுக்கிறாள். தாய் மனசு. போன ஞாயிறு கோயிலில் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தாள், வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு. பாட்டு பாடக் கைக்குட்டையை எடுத்தபோது பார்த்தேன்...

கீழுதட்டில் ஒரு துண்டு இல்லை.