ஏரியின் அடிநீருக்கு மூச்சளித்த அக்காவுக்கு

கண்ணுக்குத் தெரியாததைக் கண்ணெனக் காத்தவரே! கரையில் நின்றே ஆழத்தின் நாடி பார்த்தவரே! நுண்குமிழி நிலையத்தின் மேற்பார்வையாளராக இருபத்தாறு ஆண்டுகள் உழைத்து, இன்று ஓய்வு பெறும் எங்கள் அக்காவே! வணக்கம்.

இவ்விழாவைக் கூட்ட அரங்கில் நடத்தலாம் என்றார்கள். "எனக்குப் பம்பு ரூமே போதும்ப்பா. இந்தச் சத்தம் இல்லாட்டி காது அடைச்சுக்கும்" என்றீர்கள். அதனால்தான் மோட்டார் இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தி வாசிக்கிறோம்.

மேலே எவ்வளவு காற்றடித்தாலும் ஏரியின் அடிக்குப் பிராணவாயு போய்ச் சேராது. அடிநீரை இழுத்து, ஆக்சிஜனோடு அழுத்தி, ஊசிமுனைத் துளைகளில் பீச்சி, பால்போல் வெளுத்த நீராகத் திருப்பி அனுப்பினீர்கள். தினமும் காலையில் அந்நீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து ஜன்னலில் வைப்பீர்கள். சட்டென்று தெளிந்துவிட்டால், "குமிழி பெருசாயிடுச்சு. துளையில அடைப்பு, கழட்டுங்கப்பா" என்பீர்கள். வெண்மை தங்கினால்தான் எங்களுக்குத் தேநீர்.

ஒருமுறை பார்வையிட வந்த அதிகாரி படகில் நின்று, "என்னம்மா, ஒரு குமிழியும் காணோமே? மெஷின் ஓடுதா?" என்றார்.

"கண்ணுல பட்டா அது வீண் சார். மேல வந்து வெடிச்சுக் காத்தோட போயிடும். காணாமப் போறதுதான் கரையும்."

அவர் புரிந்துதான் தலையாட்டினார். ஆனால் புரிந்ததை மேலிடத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட அவர் கையில் எதுவுமில்லை. நம் நிலையத்துக்குப் பதிலாக, ஏரி நடுவே வண்ண விளக்குகளோடு நீரூற்று வருகிறது. அதன் குமிழிகளை எல்லோரும் பார்க்கலாம்.

ஏரி குணமாகவில்லை. பாராட்டு மடலில் இதை எழுதலாமா என்று தயங்கினோம். எழுதாவிட்டால் நீங்கள் எங்களைச் சும்மா விடமாட்டீர்கள். நாம் கரைத்த பிராணவாயுவையெல்லாம் சேறு தின்றது; மறுநாள் மறுபடி கரைத்தோம். ஏரி சாகாமல் இருந்தது, அவ்வளவுதான் நம் சாதனை. மோட்டார் கருகிய ஆண்டில் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்ததைப் பார்த்தோம். செத்தவற்றை வலையால் அள்ளினோம். நீங்கள் அழவில்லை. "போய் மூஞ்சி கழுவிட்டு வாங்க. மோட்டாரைப் பார்ப்போம்" என்றீர்கள்.

இனிப் பார்க்க மோட்டார் இராது. விழா முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்த வேண்டும் என்பது உத்தரவு. எங்களில் ஒருவர் நிறுத்தட்டும் என்றோம். "ஓட்டினவ நான், நானே நிறுத்தறேன். உங்க கைக்கு எதுக்கு அந்தப் பாவம்?" என்றீர்கள்.

அன்புடையீர்! நோயற்ற உடலும் நிறைந்த உறக்கமும் பெற்று நீங்களும் மாமாவும் நெடுங்காலம் வாழ்க! இரைச்சலில்லாத வீட்டுக்கு உங்கள் காது மெல்லப் பழகட்டும். சட்டமிட்ட இம்மடலை ஏரி தெரியும் ஜன்னலருகே மட்டும் மாட்டாதீர்கள்.

மடல் நீளும்வரை மோட்டார் ஓடும் என்பதால் இன்னும் பல அடைமொழிகளைச் சேர்க்க நினைத்தோம். எங்களுக்குத் தெரிந்தவை இவ்வளவே. வாசிக்கத் தொடங்குமுன் பிடித்த குவளை ஜன்னலில் இருக்கிறது. அது தெளியும்வரை எங்களுக்கு அவசரமில்லை.

மெதுவாகவே எழுந்து வாருங்கள், அக்கா.

இவண்,
பம்பு அறை, ஆய்வறை, படகுத்துறை ஊழியர்கள்