பெண்கள் ஞாயிறுக்கு வேற ஆளைப் பாருங்க

இல்லைய்யா, நோட்டீசுல என் பேரைப் போடாதீக. அடிச்சிட்டீகளா? அடிச்சா அடிச்சது. சிவகாசியில இன்னொரு நோட்டீசு அடிக்க எம்புட்டு நேரம் ஆகப்போகுது. பெண்கள் ஞாயிறுக்கு வேற ஆளைப் பாருங்க. தலைப்பு என்ன வச்சிருக்கீக? விசுவாசியின் தைரியமா? நல்லாருக்கு, போங்க. அதுக்குப் பேச என்னையா புடிச்சீக!

உக்காருங்கய்யா, நிக்காதீக. நீங்க நம்ம சபைக்குப் போதகரா வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது, உங்களுக்கு என்னையச் சரியாத் தெரியாது. சத்துணவுல அமைப்பாளரா இருந்து ரிட்டயர்டு ஆனவ நான். பதினாலு வருசமா பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி. எனக்குத் தொண்டை பெருசு. அம்புட்டுத்தான். அதைத்தான் எல்லாரும் இன்பம்மா தைரியசாலின்னு சொல்லிக்கிட்டுத் திரியிறாக.

என்ன? ஆஸ்பத்திரியில பட்டாசுக் கம்பெனிக்காரங்களை ஏசுனதா? ஆமா, ஏசுனேன். நம்ம பொன்னுத்தங்கத்தைத் துணியில சுத்தி வெளிய கொண்டுவந்தப்ப வாய்க்கு வந்தபடி கத்துனேன். அதை யாரோ போன்ல புடிச்சு ஊரு பூராம் அனுப்பிவிட்டுட்டாக. உங்களுக்கும் வந்துச்சாக்கும்? அதைப் பார்த்துட்டுத்தான் இங்கன வந்தீகளா? அட கர்த்தாவே. அது தைரியமில்லைய்யா. அன்னைக்கு யாரையாச்சும் ஏசலைன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கும்.

சரி, கேளுங்க. அந்த விபத்துக்கு முந்துன நாள் ஞாயித்துக்கிழமை. கோயில் முடிஞ்சு வந்து நான் சேலைகூட மாத்தலை, போர்மேன் ஊர்க்காவலன் வாசல்ல பைக்கை நிறுத்துறான். விஸ்வநத்தம் பக்கம் அந்தப் பட்டாசுக் கம்பெனியில நம்ம சபைப் பொம்பளைக எட்டுப் பேரு வேலை பார்த்தாகல்ல, அங்க போர்மேன். இன்பம்மா, ஒரு ரூமுக்குள்ள பொம்பளைக போக மாட்டேங்குறாக, சீசன் ஆர்டர் தலைக்கு மேல கெடக்கு, நாளைக்குக் காலையில நீங்க வந்து ஒரு ஜெபம் பண்ணிவிடுங்க, நீங்க சொன்னாக் கேப்பாகங்கிறான்.

எனக்கு அது புதுசில்லை. வருசாவருசம் சீசன் ஆரம்பத்துல அவுக ஆபீஸ்ல பூசை போடுவாக. நம்ம பொம்பளைகளுக்காக நான் போயி ஒரு ஜெபம் பண்ணுவேன். சால்வை போட்டு ஒரு மிட்டாய் டப்பா குடுத்து விடுவாக.

ஏன் போக மாட்டேங்குறாகன்னு கேட்டேன்தான், கேக்காம இருப்பனா? சனிக்கிழமை கலந்த வெடிமருந்து மிச்சம் அந்த ரூமுலயே கெடக்காம். கலந்ததை அன்னன்னைக்கே வெடிக்குள்ள செலுத்தி முடிச்சிரணும்யா, மிச்சம் வைக்கவே கூடாது, தானாச் சூடேறிப் பத்திக்கிரும். அங்கன ஒரு வாரம் வேலை பார்த்தவளுக்கும் அது தெரியும். வெள்ளிக்கிழமை வேற ஓரத்துல லேசாப் பொறி தட்டி அணைஞ்சிருக்கு. நாலு பேரு இருக்க வேண்டிய எடத்துல ஏழு பேரை உக்கார வச்சிருக்கான். இம்புட்டும் எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான், சரி வாரேன்னேன்.

பயம்யா. வேற என்ன? நம்ம கோயில் கட்டட வேலைக்கு அந்த முதலாளிதான் கம்பி எறக்கிக் குடுத்தாரு. அவரு ஆளுகிட்ட எப்படி எதுத்துப் பேசன்னு வாய் வரலை. அதோட, நீங்க சொன்னாக் கேப்பாகன்னான் பாருங்க, அந்த ஒரு வார்த்தையில எனக்கு மனசு குளுந்துபோச்சு. வெக்கத்தை விட்டுச் சொல்றேன்.

காலையில போனேன். பொம்பளைக எல்லாம் வேப்ப மரத்தடியில உக்காந்திருக்காக, ஒருத்தியும் எந்திரிக்கலை. பொன்னுத்தங்கம்தான் வாயைத் தொறந்தா. பாடகர் குழுவுல சத்தமே வராமப் பாடுவாளே, அவ. அக்கா, நீங்க ஜெபம் பண்ணுங்க, வேண்டாங்கலை, அதுக்கு முன்னால அந்த மருந்தை மட்டும் அள்ளச் சொல்லுங்கன்னா. எம்புட்டு நியாயமான பேச்சு!

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஏட்டி, உன் விசுவாசம் இம்புட்டுத்தானா, கர்த்தர் கூட இருக்கும்போது ஒரு தட்டு மருந்துக்குப் போயி பயப்படுறியேன்னு அத்தனை பேரு முன்னால கேட்டேன். மத்தவளுக சிரிச்சுட்டாளுக. அவ மூஞ்சி செத்துப்போச்சு. அப்புறம் ரூமுக்கு வெளிய நின்னு கையைத் தூக்கி அரை மணி நேரம் ஜெபம் பண்ணேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் தொறந்தா, அவதான் முதல் ஆளா எந்திரிச்சு உள்ள போறா. அவ பின்னாலயே பாண்டிலட்சுமி. அது நம்ம சபைகூட இல்லைய்யா, மாரியம்மனுக்கு வெரதம் இருக்குற பிள்ளை. அக்கா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு போயிருச்சு. ரெண்டு கையும் வெந்து இன்னும் வார்டுலதான் கெடக்கு.

பதினோரு மணிக்குச் சத்தம் கேட்டுச்சு. நான் வீட்ல உக்காந்து அந்தச் சால்வையை மடிச்சுக்கிட்டிருந்தேன்.

அப்படிச் சொல்லாதீகய்யா. கர்த்தருடைய சித்தம்னு நீங்க சொல்லச் சொல்ல எனக்கு உடம்பெல்லாம் கூசுது. மருந்தை அள்ளியிருந்தா அவ இருந்திருப்பா. முதல்ல இதை அள்ளுப்பான்னு போர்மேனைப் பார்த்து ஒரு வார்த்தை, அம்புட்டுத்தான் செய்ய வேண்டியது. பொன்னுத்தங்கம் அதைக் கேட்டா. அவளை நாந்தான் கோழைன்னு ஆக்கி உள்ள அனுப்புனேன்.

யாரு, ஸ்வீட்டியா? ஆமாய்யா, எம் மகதான். அவளும் அங்கதான் வேலை பார்த்தா. ம்ம், அதே ரூமுதான். ஏன் கேக்குறீக? பெண்கள் ஞாயிறு அன்னைக்குக் கோயில்ல சாட்சி சொல்லணும்னு உங்ககிட்ட வந்து கேட்டாளா? அய்யய்யோ. எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலையே. கேஸ் சிலிண்டர் வருதுன்னு வீட்ல இருந்தாளாம், அப்படித்தான் கர்த்தர் தன்னையக் காப்பாத்துனாராம், அதைத்தானே சொல்லப் போறா? என்னையக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நாள் பூராம் அதையேதான் சொல்லி அழுகுறா.

வேண்டாம்னு நீங்களே அவகிட்டச் சொல்லிருங்கய்யா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். என்னால சொல்ல முடியலை. ஊர்க்காவலன் பைக்கை எடுத்துட்டுப் போனதும் அடுப்படியில இருந்தவளை நாந்தான் கூப்பிட்டேன். நாளைக்கு சிலிண்டர் வருது, நான் கம்பெனிக்கு ஜெபத்துக்குப் போயிருவேன், வீட்ல ஆளில்லை, நீ ஒருநாள் லீவு போட்டுருன்னேன். பிள்ளை சரிம்மான்னு கேட்டுக்கிருச்சு.

எங்கய்யா வரும்? நான் சிலிண்டரே பதியலை.